பூட்ஸ்ட்ராப் பாரடாக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

‘டார்க்’ என்ற ஜெர்மன் தொடரைப் பார்த்து முடித்த நாகர்கோவில் கல்லூரிப் பையன்கள் சாயாக் கடையில் கூடினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: “மக்கா, அப்போ அந்தப் பொஸ்தகத்த எழுதுனது ஆருடே?” கடிகாரம் செய்யும் தான்ஹவுஸ், தான் இன்னும் எழுதாத தன் புத்தகத்தைக் காலம் கடந்து வந்தவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். பின்னால் அதுவே அவர் பெயரில் வெளிவருகிறது. உட்கார்ந்து எழுதிய ஆள் என்று எவருமே இல்லை. இந்தச் சிக்கலுக்குப் பெயர்தான் பூட்ஸ்ட்ராப் பாரடாக்ஸ்.

‘டாக்டர் ஹூ’ தொடரின் 2015ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில் இதையே அதன் நாயகனான டாக்டர் நேராக நம்மைப் பார்த்துச் சொல்வார். இசைமேதை பீத்தோவனைப் பார்க்கக் காலத்தில் பின்னே போன ரசிகர், அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரிந்ததும், கையில் கொண்டுபோன இசைக்குறிப்புகளைத் தானே படியெடுத்து வெளியிடுகிறார். சரி, இசையமைத்தது யார்?

பூட்ஸை இழுத்து மாட்டுவதற்காக அதன் மேல்விளிம்பில் தைத்திருக்கும் வார்தான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்குவது என்பது, நடக்காத காரியத்தைக் கேலி செய்ய 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புழங்கிய பேச்சு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஹெய்ன்லைன் 1941இல் ஒரு காலப்பயணக் கதைக்கு அதைத் தலைப்பாக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் ‘பூட்’ ஆகிறது என்கிறோமே, அதுவும் இதே வார்தான்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘காலணிவார் முரண்’ என்று வரும். செருப்புப் போட்டு நடக்கிற ஊரில் அதை வைத்து என்ன செய்ய! ‘முரண்’ என்பதும் இடிக்கிறது. காலத்தில் பின்னே போய்ச் சொந்தத் தாத்தாவைச் சின்ன வயதிலேயே கொன்றால், போனவனே பிறந்திருக்க மாட்டான்; முரண் அங்கேதான் இருக்கிறது. தான்ஹவுஸ் கதையில் ஒன்றோடொன்று மோதுவது எதுவும் இல்லை. எல்லாம் வரிசையாகப் பொருந்துகிறது, தொடக்கம் மட்டும் காணோம். ஆகவே ‘புதிர்’ போதும்.

‘பூட்ஸ்ட்ராப்’ என்ற முன்பாதிக்கு நம் தருக்க நூல்களிலேயே சொல் கிடக்கிறது. ஒன்றை நிறுவ அதையே ஆதாரமாகக் காட்டும் குற்றத்தை வடமொழியில் ஆன்மாச்சிரயம் என்பார்கள். தமிழில் ‘தன்னைப் பற்றுதல்’. புத்தகம் புத்தகத்தையே பற்றி நிற்கிறது. ‘தன்பற்றுப் புதிர்’ என்று சுருக்கலாம். முதலில் கேட்கும்போது தன்னலம் போல ஒலிக்கும்தான், ஆனாலும் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று ஆதாரமாகும் குற்றத்துக்கும் தனிப்பெயர் உண்டு: ‘ஒன்றையொன்று பற்றுதல்’, வடமொழியில் அன்னியோன்னியாச்சிரயம். ‘டார்க்’ தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சார்லட்டின் மகள் எலிசபெத். அந்த எலிசபெத்தின் மகள்தான் சார்லட். ஆங்கிலத்தில் இதையும் பூட்ஸ்ட்ராப் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். தமிழில் தான்ஹவுஸின் புத்தகத்துக்கு ஒரு பெயர், இந்தத் தாய்-மகளுக்கு வேறு பெயர் என்று பிரித்தே சொல்லிவிடலாம்.