ஓவியத்தில் ‘ஸ்கூல்’ என்றால் என்ன? பள்ளியா, பாணியா, வழியா?

‘மெட்ராஸ் ஸ்கூல்’ என்று ஓவியக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். ஒருவர் அப்படி எழுதினால், சென்னை பெரியமேட்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற அந்தப் பழைய கலைக் கல்லூரியைச் சொல்கிறார். இன்னொருவர் எழுதினால், 1960களில் கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றி இருந்த ஓவியர்கள் கோடுகளையும் குறியீடுகளையும் நாட்டார் உருவங்களையும் வைத்துப் படம் போட்ட முறையைச் சொல்கிறார். இரண்டையும் ‘சென்னை ஓவியப் பள்ளி’ என்றே தமிழில் போட்டுவிடுகிறோம். வாசிக்கிறவருக்கு ஒரு கட்டடம்தான் கண்ணில் தெரியும், இரண்டாவது பொருள் அங்கேயே செத்துப்போகிறது.

சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. கிரேக்கத்தில் ‘ஸ்கோலே’ என்றால் ஓய்வு, வேலை இல்லாத நேரம். சும்மா இருக்கிற நேரத்தில் கூடிப் பேசி வாதம் செய்ததால் அந்தப் பேச்சுக்கும், பிறகு பேசுகிற இடத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லத்தீனில் ‘ஸ்கோலா’ ஆகி, இங்கிலீஷுக்கு வந்து ‘ஸ்கூல்’ ஆனது. காலையில் எட்டரை மணிக்கு மூட்டை சுமந்துகொண்டு பஸ்ஸில் தொங்குகிற பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! இதே எழுத்துகளோடு மீன் கூட்டத்துக்கும் ஒரு ‘ஸ்கூல்’ உண்டு, அது டச்சுக்காரர்களிடமிருந்து வந்த வேறு சொல், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இடத்தைக் குறித்த சொல் அப்புறம் ஆட்களைக் குறிக்க ஆரம்பித்தது. ஓர் ஆசிரியரிடம் கற்றவர்கள், அவரிடம் நேரில் கற்காவிட்டாலும் அவர் போன தடத்தில் போனவர்கள், எல்லாரும் சேர்ந்து அவருடைய ‘ஸ்கூல்’. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் படத்துக்குக் கீழே ‘ரெம்பிராண்டின் ஸ்கூல்’ என்று ஒரு சீட்டு இருந்தால், ரெம்பிராண்ட் பள்ளிக்கூடம் நடத்தினார் என்று அர்த்தமில்லை, இந்தப் படத்தை அவர் கைப்பட வரைந்ததாகச் சொல்ல முடியாது, அவருடைய சீடரோ அவர் வழியில் வந்தவரோ வரைந்திருக்கலாம் என்று அர்த்தம்.

சரி, நம் ‘பள்ளி’ எப்படி? இந்தச் சொல்லுக்குப் பழந்தமிழில் இடம், சிற்றூர், படுக்கை, துறவிகள் தங்குமிடம் என்று பல பொருள். பள்ளியறையும் பள்ளிகொண்ட பெருமாளும் படுக்கைப் பொருளில் வருகிறவை. மேலப்பாளையத்தில் ‘பள்ளிக்குப் போயிட்டு வாறேன்’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அவர் தொழுகைக்குப் போகிறார். சமணத் துறவிகள் தங்கிய பள்ளிகளில் படிப்பும் நடந்ததால் ‘பள்ளிக்கூடம்’ வந்தது என்பது பரவலான விளக்கம். அதை நம்புவதற்கு நம் திருநெல்வேலிப் பக்கத்திலேயே நல்ல இடம் ஒன்று இருக்கிறது. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே கழுகுமலை. அங்கே பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள். அந்தக் கல்வெட்டுகளில் குரவர் வருகிறார்கள், குரத்தியர் என்று பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள், அவர்களுடைய மாணாக்கர் வருகிறார்கள், இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்று ஆசிரியரை வைத்தே ஆளை அடையாளம் சொல்கிற வழக்கம் அங்கே கல்லில் இருக்கிறது. ஓவிய உலகம் ‘ஸ்கூல்’ என்று சொல்கிற இரண்டாவது பொருள் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இன்றைய தமிழில் ‘பள்ளி’ அந்தப் பொருளைக் கைவிட்டுவிட்டது, மணியடிக்கிற, கட்டணம் கட்டுகிற இடம் மட்டும் மிச்சம்.

சென்னையில் அந்த மணியடிக்கிற இடம் 1850இல் தொடங்கியது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தன் முயற்சியில் ஆரம்பித்தார், 1852இல் அரசு எடுத்துக்கொண்டது. அப்போது அதன் நோக்கத்தில் ஓவியத்தைவிடத் தொழில்தான் முன்னால் நின்றது: மரவேலை, மட்பாண்டம், உலோகவேலை, அச்சுக்கான செதுக்கு வேலை, அதோடு கோட்டுப்படம் போடத் தெரிந்த ஆட்களைத் தயாரிப்பது. 1890களின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்கிற சோதனைகளை நடத்தினார். நம் அடுப்படிக்குள் அலுமினியம் நுழைந்த கதையில் ஒரு கலைப்பள்ளிக்கும் பங்கு உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். மெரினாவில் நிற்கிற உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவர் காலத்தில்தான் தொழிற்கூடம் என்ற முகம் பின்னுக்குப் போய் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. 1957இல் அவருடைய மாணவர் பணிக்கர் முதல்வரானார், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்நின்றார். ஆக, 1850இல் ஆரம்பித்த முதல் பொருள் ஸ்கூலுக்குள்ளிருந்து நூறு வருஷம் கழித்து இரண்டாம் பொருள் ஸ்கூல் ஒன்று கிளம்பியது. ஒரே பெயர் இரண்டுக்கும் ஒட்டியதற்கு இதுதான் காரணம்.

கோவில்பட்டியில் கதை வேறு மாதிரி. இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரை அது திருநெல்வேலி மாவட்டம்தான். மயிலாப்பூரில் 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் படுதா எழுதப் போனார். 1940களின் தொடக்கத்தில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ வந்தது. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். பக்கத்தில் சிவகாசி, அச்சு இயந்திரங்கள் படத்துக்குக் காத்துக்கொண்டிருந்த ஊர். லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் கோவில்பட்டியில் வரையப்பட்டு, சிவகாசியில் காலண்டராகி, மளிகைக்கடை, ஜவுளிக்கடைப் பெயரோடு நாடு முழுக்கச் சுவரில் ஏறினார்கள். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட படங்களும் உண்டு. பாடத்திட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஆனால் அந்தச் சாமிகளின் கண்ணையும், நகையின் மினுக்கையும், பின்னால் தெரிகிற நாடகத் திரை மாதிரியான ஆற்றையும் மலையையும் பார்த்தால் ‘இது கொண்டையராஜு ஆட்கள் வேலை’ என்று சொல்லிவிடலாம். இதைவிட நல்ல ‘ஸ்கூல்’ எங்கே கிடைக்கும்! இதைப் போய் ‘கோவில்பட்டிப் பள்ளி’ என்று எழுதினால் கோவில்பட்டிக்காரரே எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்பார்.

அப்போ என்ன சொல்வது? இசையில் இந்தச் சிக்கல் நமக்கு வந்ததே இல்லை. காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத்தைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பாணியில் வாசித்தார் என்கிறோம், பள்ளியில் வாசித்தார் என்று எவரும் சொல்லவில்லை. ‘பாணி’ பழந்தமிழில் பாட்டையும் தாளத்தையும் குறித்த சொல், இப்போது ஆளுடைய கைத்தடம் என்கிற அளவுக்கு விரிந்திருக்கிறது. திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் தளம் தளமாக இருக்கிற சுவரோவியங்களைப் பற்றிப் பேசும்போதும் விஜயநகர–நாயக்கர் காலப் பாணி, மரபு என்றுதான் வாயில் வருகிறது.

நான் பிரித்துக்கொள்வது இப்படி: கண்ணுக்குத் தெரிகிற முறையைச் சொன்னால் பாணி. பல தலைமுறை, பல ஊர் தாண்டி வருவதைச் சொன்னால் மரபு. குருவிடமிருந்து சீடருக்கு என்று ஆள் ஆளாக இறங்குவதைச் சொன்னால் வழி, தாய்வழி தந்தைவழி என்கிறோமே, அந்த வழி. கொண்டையராஜு வழி, பணிக்கர் வழி. அந்த ஆட்கள் கூடி வேலை செய்த இடத்தைச் சொன்னால் பட்டறை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற இடம் கடைசல் பட்டறைதானே, ஓவியருக்கும் அந்தச் சொல் பொருந்தும். என்ன, ‘பயிற்சிப் பட்டறை’ என்று இரண்டு நாள் கூட்டத்துக்கெல்லாம் வைத்து அதையும் கொஞ்சம் கெடுத்துவிட்டார்கள்.

‘பள்ளி’யை நிறுவனத்துக்கே விட்டுவிடலாம். ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்டது: மூடப்பட்டது பள்ளி, உலகம் முழுக்கப் பரவியது பௌஹவுஸ் பாணி. இதைத் தமிழில் இப்படி எழுதினால் குழப்பமே இல்லை. ‘ஸ்கூல் ஆஃப் தாட்’ என்பதைச் ‘சிந்தனைப் பள்ளி’ என்று எழுதுகிற பழக்கத்தையும் நிறுத்தலாம், நெறி என்று ஒரு சொல் சும்மாதான் கிடக்கிறது.

பெயர்ப்பலகைக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்கூல் ஆஃப் ஆர்ட் அண்ட் டிசைன்’ என்பதைக் ‘கலை வடிவமைப்புப் பள்ளி’ என்று எழுதினால் கலையை வடிவமைக்கிற பள்ளி என்று ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கிற ‘அண்ட்’ காணாமல் போனதால் வந்த வினை. ‘ஓவிய, வடிவமைப்புப் பள்ளி’ என்று ஒரு காற்புள்ளி போட்டால் போதும். சிற்பமும் மட்பாண்டமும் சொல்லித்தருகிற இடம் என்றால் ‘கலை, வடிவமைப்புப் பள்ளி’. அரசின் டிராயிங் லோயர், ஹையர் பரீட்சைக்கு மட்டும் ஆள் சேர்க்கிற இடம் என்றால் ‘ஓவியப் பயிற்சி நிலையம்’ என்று எழுதுவதே நேர்மை.