ஒத்திப் பணம் கொடுக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்தும் எனக்கு, ஒரே துயரத்தை வேறு வேறு முகங்களில் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. அண்மையில் செல்லூரிலிருந்து ஒரு தம்பதியர் வந்தனர். அவர்கள் ஒத்திக்கு இருந்த வீட்டை, உரிமையாளர் கட்டாத கடனுக்காக நிதி நிறுவனம் பூட்டி முத்திரையிட்டுவிட்டது. தையல் இயந்திரமும் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் தெருவில் கிடந்தன. நகையை விற்றும் சீட்டு எடுத்தும் கொடுத்த ஒத்திப் பணத்துக்கு அவர்களிடம் இருந்த ஒரே ஆதாரம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட 20 ரூபாய் முத்திரைத்தாள்.

"பத்திரத்தில் எழுதியிருக்கிறோம், நோட்டரி முத்திரையும் இருக்கிறது, பணம் திரும்பி வரும்வரை யாரும் எங்களைக் காலி செய்ய முடியாது" என்ற நம்பிக்கைதான் இத்தனை குடும்பங்களையும் தெருவுக்குக் கொண்டுவருகிறது. முத்திரைத்தாள் வாங்குவது வேறு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது வேறு. வீட்டை அனுபவித்துக்கொண்டு பணத்துக்கு ஈடாக வைத்திருக்கும் ஒத்தி ஓர் அடமானமே. 100 ரூபாய்க்குக் குறையாத அத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. நோட்டரியின் முத்திரை அந்தப் பதிவுக்கு ஈடாகாது. பதிவு செய்தாலும், உரிமையாளர் அதற்கு முன்பே வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருந்தால் வங்கியின் உரிமையே முன்னால் நிற்கும். நீங்கள் கொடுத்த பணத்துக்காக உரிமையாளர் மீது தனியாக வழக்குப் போடலாம், ஆனால் அதற்காக வீடு உங்களிடம் நிற்காது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்; "பேங்க்கில் இருக்கிறது" என்று பதில் வந்தால், தயவுசெய்து அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வங்கியின் அடமானத்துக்கு முன்பே குடிவந்ததைக் காட்டும் ஒப்பந்தத்தையும் வாடகை ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். கடன் கட்டாதபோது அடமான வீட்டை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குடித்தனக்காரர் தம் உரிமையைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்க வழியிருக்கிறது.

உரிமையாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கடன் பாக்கிக்காக வங்கி அனுப்பும் அறிவிப்புத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் நடவடிக்கை நின்றுவிடாது. கதவில் ஒட்டுவார்கள், நாளிதழில் வெளியிடுவார்கள். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி முதல் அறிவிப்பில் தரப்படும் 60 நாட்களே பேச்சுவார்த்தைக்கு ஏற்ற காலம். அதற்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வீட்டை வங்கி தன் வசம் எடுப்பதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பு வந்த பிறகு தீர்ப்பாயத்தை அணுக 45 நாட்கள் உண்டு. சிவில் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள். இவ்விஷயங்களில் அந்த நீதிமன்றங்களின் அதிகாரத்தை இதே சட்டத்தின் 34ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டைக் கைப்பற்ற நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஆணையர் காவலர்களுடன் வாசலில் நிற்கும் நாளில் என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்களுக்குப் பெரும்பாலும் சாமான்களை எடுக்க அவகாசம் கேட்பதற்கு மேல் எதுவும் செய்ய முடிவதில்லை.

வீடு பூட்டப்படும்போது இழப்பு அந்த வாசலோடு நிற்பதில்லை. பிள்ளைகள் பள்ளி ஆண்டின் நடுவில் இடம் மாறுகிறார்கள். மகளிர் குழுவில் அந்தப் பெண் கட்ட வேண்டிய தவணையை, அவரைப் போலவே நெருக்கடியில் இருக்கும் அண்டை வீட்டுப் பெண்கள் சுமக்கிறார்கள்.

கட்டணம் கொடுக்க வழியில்லையே என்று எவரும் ஒதுங்கியிருக்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. அறிவிப்பு கைக்கு வந்த வாரத்திலேயே அதை எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள்.