வியர்வை காயாத ஊரில் 50 கிலோமீற்றர்

கொழும்பு வெள்ளவத்தை மரைன் டிரைவ், ஞாயிறு காலை ஏழு மணி. ஒரு மணித்தியாலம் ஓடி முடித்த நண்பன் பெனியனைக் கழற்றிப் பிழிந்தான். தோய்த்த துணியிலிருந்து வருவதுபோல் தண்ணீர் ஊற்றியது. நடக்க நடக்கச் சப்பாத்துக்குள் சளக் சளக்கென்று சத்தம்.

"மச்சான், சித்திரைக்குள்ள ஐம்பது ஓடிப் பாக்கப் போறன். என்ன சொல்லுறாய்?"

மரதனின் 42.195 கிலோமீற்றரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மரதன்தான். முதல் தடவை இறங்குபவர்கள் பெரும்பாலும் 50இல் தொடங்குவார்கள். இரண்டு மரதன் முடித்தவனின் கால்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெனியனைத்தான்.

ஓடும்போது தசை எரிக்கும் சக்தியில் கால்வாசி அளவுதான் ஓட்டமாகிறது. மிச்சமெல்லாம் சூடு. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். நண்பனின் எடை 68 கிலோ, ஓடியது 9 கிலோமீற்றர். அப்படியானால் அந்த ஒரு மணித்தியாலத்தில் அவன் உடம்பு வெளியேற்ற வேண்டிய சூடு 450 கிலோகலோரிக்கு மேல். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியைக் கொண்டுபோய்விடும். ஆக, 0.8 லீற்றர் ஆவியானாலே அவனுக்குப் போதும்.

ஆனால் ஆவியாக வேண்டும். நிலத்தில் சொட்டிய வியர்வையாலும் பெனியனில் ஊறிப் பிழிபட்ட வியர்வையாலும் உடம்பு குளிராது. மழைக்காலத்தில் தொடர்மாடி பல்கனியில் போட்ட உடுப்பு இரண்டு நாளாகியும் காயாமல் மணக்கும் அல்லவா, நம் தோலுக்கும் அதே சிக்கல்தான். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது.

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை மாதம் 217 கிலோமீற்றர் ஓடுகிறார்கள். "அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?" என்று கேட்பவர்கள் உண்டு. 45 பாகை செல்சியஸ், 10 வீத ஈரப்பதன் உள்ள பாலைவனக் காற்றையும் 30 பாகை, 80 வீதம் உள்ள கொழும்புக் காற்றையும் வைத்து நீராவி அழுத்தத்தைக் கணக்குப் பார்த்தேன். ஈரத் தோலிலிருந்து நீரை இழுக்கும் விசை அங்கே இங்குள்ளதைப்போல் இரண்டு மடங்கு. பாலைவனக் காற்று தோலைவிடச் சூடானது, அந்த ஆபத்து வேறு. ஆனாலும் வெப்பமானியை மட்டும் வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிட முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. விடியற்காலையில் ஈரப்பதன் 90 வீதம், மத்தியானம் 70 வீதம் என்று போன் காட்டுவதால் மத்தியானம் வியர்வை நன்றாகக் காயும் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றிலுள்ள நீராவி ஏறக்குறைய அதே அளவுதான். காற்று சூடானதால் வீதம் குறைந்து தெரிகிறது. விடியற்காலையின் லாபம் வேறு: வெயில் இல்லை, காற்றும் தோலைவிடக் குளிர்ச்சி. சித்திரையில் இது இன்னும் முக்கியம். ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவிலான காலம் என்பதால் பல நாட்களில் காற்றும் செத்துக் கிடக்கும்.

சூடு வெளியேறாவிட்டால் இதயம் இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பும். தசையும் அதே இரத்தத்தைக் கேட்கிறது. இந்த இழுபறியில் முதலில் பட்டினி கிடப்பது குடல். மரதனில் இதைப் பல்லைக் கடித்துச் சமாளிக்கலாம். அல்ட்ராவில் முடியாது, ஏனென்றால் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்தாவது உள்ளே போக வேண்டும். இரத்தம் குறைந்த குடல் அதை வாங்காமல் குமட்டும். முதல் அல்ட்ராவில் பலரைப் பாதியில் உட்கார வைப்பது இந்த வயிறுதான்.

அப்புறம் தண்ணீர். 2002 பொஸ்டன் மரதனில் 488 ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மோசமானால் மூளை வீங்கும். தாகத்துக்குக் குடிப்பதே நல்லது. செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். அதை மட்டும் நம்பாமல் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் வைத்திருங்கள்.

"நாங்கள் இந்த வெக்கையிலேயே பிறந்து வளர்ந்தனாங்கள்" என்றான் நண்பன். பகல் முழுக்க ஏசி அறையில் இருப்பவனுக்கு அந்தப் பழக்கம் பாதிதான். தினமும் வெக்கையில் ஒரு மணித்தியாலம் அளவில் உடற்பயிற்சி செய்தால் 10 முதல் 14 நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வையில் உப்புக் குறையும், வியர்வையும் கூடுதலாகச் சுரக்கும். இவற்றில் முதல் இரண்டும் பெரிய உதவி. மூன்றாவதால் கொழும்பில் பலன் குறைவு. காயாத வியர்வை கூடினால் இழப்புத்தானே கூடும்.

சரி, அவனுடைய கணக்கு என்ன? ஓடுமுன் 68.4 கிலோ, ஓடியபின் 67.1, வழியில் குடித்தது 400 மில்லிலீற்றர். மொத்த வியர்வை சுமார் 1.7 லீற்றர். தேவை 0.8, பாதிக்கு மேல் வீண். இதே வேகத்தில் 50 கிலோமீற்றருக்கு ஐந்தரை மணித்தியாலம், 9 லீற்றருக்கு மேல் வியர்வை. மணிக்கு 800 மில்லிலீற்றர் குடித்தாலும் கிட்டத்தட்ட 5 கிலோ குறையும். அது உடல் எடையில் 7 வீதம். எரிந்த மாச்சத்தும் கொழுப்பும் அதில் ஒரு பங்கு என்றாலும், முதல் முயற்சிக்கு இது அதிகம்.

சித்திரையில் வேண்டாம் என்றேன். தை மாதத்தில், விடிய மூன்று மணிக்குத் தொடங்கி, நடையும் ஓட்டமுமாக என்றால் நானும் கூட வருவேன். வேகம் குறைந்தால் சூடு பிறப்பதும் குறையும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: கூட ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ, உடல் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை இறக்கு, இல்லையென்றால் உடம்பெல்லாம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இரு.

அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பிழிந்த பெனியனைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி நின்றான்.

"வாற ஞாயிறு மெதுவா ஓடிட்டு இன்னொருக்கா நிறுத்துப் பாப்பம்."