இரும்புக் குழாய்க்குள் பருத்துப்போகும் அலுமினியம்

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த மலைச் சைக்கிள்களைப் புதுப்பிக்க எடுப்பவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். சக்கரம், பிரேக், கியர் எல்லாம் கழன்றுவிடும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் மட்டும் அசையாது. கிளாம்ப் போல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் மயிரிழைகூட நகராது. துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி எண்ணெயை ஊற்றுவார்கள், அப்புறம் நெருப்பைக் காட்டுவார்கள். அந்த நெருப்புதான் பெரும்பாலும் தவறான வைத்தியம்.

முதலில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேமில் ஒட்டி, சீட் போஸ்ட்டில் ஒட்டாவிட்டால் பிரேம் இரும்பு, போஸ்ட் அலுமினியம். அந்தக் காலத்து மலைச் சைக்கிள்களில் இதுதான் பரவலான ஜோடி. போஸ்ட் பிரேமுக்குள் நுழையும் விளிம்பை உற்றுப் பார்த்தால் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளை வளையம் தெரியும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். இரும்பின் துரு செம்பழுப்பு. இந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரிக்கப்பட்டு உண்டான ஹைட்ராக்சைடு.

இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். எலக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பதில் இரும்பைவிட அலுமினியம் முந்திக்கொள்ளும். அதனால் அலுமினியம் அரிக்கப்படுகிறது, இரும்பு தப்பிக்கிறது. உப்பு ஓட்டுபவரின் வியர்வையிலிருந்து வரலாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்க சாலையில் தூவும் உப்பிலிருந்தும் வரும். சாதாரணமாக அலுமினியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருந்து அதைக் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஓட்டை போடுகிறது. போஸ்ட்டுக்கும் பிரேமுக்கும் இடையிலான குறுகிய இடுக்கில் ஆக்சிஜன் குறைவு என்பதால் படலம் மறுபடி உருவாகவும் வழியில்லை.

அரிக்கப்பட்டால் உலோகம் மெலியத்தானே வேண்டும், ஏன் இறுகுகிறது? ஒரு பங்கு அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறும்போது மூன்று மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. 0.05 மில்லிமீட்டர் அலுமினியம் கரைந்தால் அந்த இடத்தில் சுமார் 0.16 மில்லிமீட்டர் பொடி நிற்கும். இடுக்கில் அவ்வளவு இடம் ஏது? பொடி எல்லாப் பக்கமும் நெருக்கி, போஸ்ட்டைப் பிரேமோடு ஆப்பு வைத்ததுபோல் பூட்டிவிடுகிறது. மலைச் சைக்கிள் பிறந்த கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் இறக்கத்துக்கு முன் சீட்டைத் தாழ்த்துவார்கள், ஏற்றத்தில் உயர்த்துவார்கள். கையாலேயே தளர்த்தும் குவிக் ரிலீஸ் அதற்காகத்தான். அப்படி அடிக்கடி நகர்ந்த போஸ்ட் இறுகுவது அரிது. ஒரே உயரத்தில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டியவைதான் மாட்டிக்கொள்கின்றன.

இப்போது நெருப்புக்கு வருவோம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும்போது பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி விரியவைத்து மாட்டுவார்கள். அங்கே வெளியே இருப்பது விரிகிறது. இங்கே உள்ளே இருப்பதுதான் அதிகம் விரியும்: ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிகிறது. சூடு உள்ளே இறங்கியதும் போஸ்ட் இன்னும் இறுகும், பெயின்ட்டும் கருகும்.

ஆகவே குளிர்விக்க வேண்டும். 27.2 மில்லிமீட்டர் போஸ்ட்டை 100 டிகிரி குளிரவைத்தால் விட்டம் சுமார் 0.06 மில்லிமீட்டர் சுருங்கும். பிரேமும் அதே அளவு குளிர்ந்தாலும் அது சுருங்குவது பாதிதான், மிச்சம் 0.03 நமக்கு லாபம். மேல்முனை திறந்த போஸ்ட் என்றால் உள்ளே உலர் பனிக்கட்டியை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடை, பொடித்துப் போடலாம். அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொடக்கூடாது, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

எண்ணெயும் வேண்டும்தான், ஆனால் மேலிருந்து மட்டும் விட்டால் போதாது. பெடல் அச்சைக் கழற்றி, பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, சீட் குழாயின் அடிவாய் வழியாக ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். அடிப்பக்கப் பொடியும் ஊறும்.

அப்புறம் இழுக்காதீர்கள், திருகுங்கள். பட்டறை வைஸில் போஸ்ட்டின் தலையைக் கவ்வவைத்து, பிரேமையே நெம்புகோலாக்கித் திருப்ப வேண்டும். முன்பக்கக் குழாயில், அதாவது 55 சென்டிமீட்டர் தள்ளி, 30 கிலோ அழுத்தம் கொடுத்தால் போஸ்ட்டின் பரப்பில் அது 1200 கிலோ அளவுக்குப் பெருகும். நேராக இழுத்து அந்த விசையை யாராலும் கொடுக்க முடியாது. 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்டால் பூட்டு உடைந்தது. எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே மேலே எடுக்கலாம். சத்தமே இல்லாமல் பிரேம் வளைவதுபோல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். சீட் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம், முறுக்கிக்கொள்ளும்.

அதுவும் பலிக்காவிட்டால் போஸ்ட்டைத் தியாகம் செய்ய வேண்டியதுதான். தலையை அறுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் ஒரு கோடு அறுப்பது எனக்குப் பிடித்த வழி. வளையம் ஓரிடத்தில் திறந்ததும் உள்பக்கமாகச் சுருங்க அதற்கு இடம் கிடைக்கிறது, நெருக்கம் விட்டுப்போகிறது. மெதுவான வேலை, கை வலிக்கும், ஆனால் பிரேம் பிழைக்கும். காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைத்து இரும்பை விட்டுவிடும் என்பது உண்மையே. ஆனால் வினையில் கடும் சூடும், தீப்பற்றும் ஹைட்ரஜனும் கிளம்பும். ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வெளியே எடுத்ததும் குழாயின் உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதுப் போஸ்ட்டுக்குத் தாராளமாக கிரீஸ் பூசுங்கள். தண்ணீர் இடுக்கில் நுழையாது, மின்கலமும் உருவாகாது. ஆண்டுக்கு ஓரிரு முறை கழற்றித் துடைத்து மறுபடி பூசினால் போதும். கார்பன் போஸ்ட்டுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று உள்ள பேஸ்ட் இருக்கிறது. அலுமினிய பிரேமில் கார்பன் போஸ்ட் மாட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே அரிக்கப்படுவது போஸ்ட் அல்ல, பிரேம்.