பட்டினி கிடந்து காவல் காக்கும் அப்பா மீன்

கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில் வசந்தகாலத்தில் தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனின் ஆண்கள் கரையோரச் சரளைக்கற்களை வாலால் விலக்கிக் குழி அமைக்கின்றன. பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் ஒரு மாதம்வரை, சில சமயம் அதற்கும் மேல், ஆயிரக்கணக்கான முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் ஆண் மட்டும்தான் காவல்.

முட்டைக்குச் செவுள் கிடையாது. சுற்றியிருக்கும் நீரிலிருந்து ஆக்சிஜன் அதன் மேலுறை வழியாக மெல்ல உள்ளே போக வேண்டும். நீர் அசையாமல் நின்றால் முட்டையை ஒட்டிய ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஆண் துடுப்புகளை விசிறிப் புதுத் தண்ணீரைக் கூட்டின்மேல் செலுத்துகிறது. இதனால் வண்டலும் படிவதில்லை. இரவிலும் இந்த வேலைக்கு ஓய்வில்லை.

முட்டை தின்ன வரும் மீன்களைத் துரத்துவதற்கு வேறு வகைச் சக்தி வேண்டும். திடீர்ப் பாய்ச்சலுக்கு உதவும் வெள்ளைத் தசை, தசையில் சேமித்து வைத்த சர்க்கரைப் பொருளான கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலேயே எரிக்கும். இதில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் தசையில் சேர்ந்துவிடும். களைத்துப்போகும் அளவுக்குப் பாய்ந்தால், மீண்டும் தெம்பு வர மணிக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு செலவு, வரவோ மிகக் குறைவு. இதுதான் உண்மையான சிக்கல். இரை தேடப் போனால் கூடு காலி. அதனால் பெரும்பாலும் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பிலும், போகப்போகத் தசைப் புரதத்திலும்தான் காலம் ஓடுகிறது. பெரிய ஆணுக்குக் கையிருப்பு அதிகம். சிறிய ஆணின் உடலோ, எடைக்கு எடை பார்த்தால் வேகமாக எரிகிறது, இருப்பும் குறைவு. ஏரியின் வெப்பமும் இதில் தலையிடும். தண்ணீர் சூடானால் மீனின் உடல் வேகமாகச் செலவழிக்கும், ஆனால் முட்டையும் சீக்கிரம் பொரியும். குளிர் திரும்பினால் செலவு குறையும், காவல் நாட்கள் நீளும்.

சரி, எப்போது கைவிடும்? முட்டைகளில் ஒரு பகுதியை ஆய்வாளர்கள் எடுத்துவிட்டபோது, பல ஆண்கள் கூட்டைவிட்டுப் போய்விட்டன. மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்காகத் தன் உடலைக் கரைப்பதைவிட, அடுத்த வருடம் மீண்டும் இனப்பெருக்கம் செய்ய உயிரோடு இருப்பது மேல் என்றால் விலகிவிடும். குஞ்சுகள் வளர வளர, தாக்க வரும் மீன்களை ஆண் எதிர்ப்பது கடுமையாவதற்கும் இதே காரணம்தான்: அவை பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும்.

தூண்டில் செய்யும் சேதத்தை இங்கேதான் கவனிக்க வேண்டும். கூட்டிலிருந்து பிடித்துவிட்டுத் திரும்பவும் நீரில் விட்டால் மீன் பிழைக்கலாம். ஆனால் அது இல்லாத சில நிமிடங்களிலேயே புளூகில் போன்ற முட்டை தின்னும் சிறு மீன்கள் கூட்டில் புகுந்துவிடும். போராடிக் களைத்துத் திரும்பும் ஆணுக்குத் துரத்தவும் தெம்பிருக்காது. முட்டைகள் பெருமளவு போயிருந்தால் அது காவலையே விட்டுவிடலாம். தென் ஒன்டாரியோவின் பல ஏரிகளில் பாஸ் பிடிப்பதற்கான பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் இது மாட்டினால், புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடிக்காமல் அதே இடத்தில் உடனே விட்டுவிட வேண்டும்.