கண்காணிப்பா, ஆய்வா?

"புலம்பெயர் தொழிலாளர்களை அரசு முறையாகக் கண்காணிக்க வேண்டும்." இந்த வாக்கியத்தை அறிக்கைகளிலும் கையேடுகளிலும் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுதுகிறவர்கள் எல்லாரும் நல்லெண்ணம் உள்ளவர்கள். ஆலைக்குள் காற்றோட்டம் இருக்கிறதா, கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் தருகிறார்களா, விடுதியில் கழிப்பறை போதுமா என்று அரசு வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. வாக்கியமோ அந்தத் தொழிலாளர்கள் மேல் ஒரு கண் வைக்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் 'லேபர் இன்ஸ்பெக்‌ஷன்', 'ஓவர்சைட்' என்று இருப்பதைத் தமிழில் 'கண்காணிப்பு' என்று எழுதுவதன் விளைவு இது.

நான் போயிருந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தில் இது நேரிலேயே நடந்தது. பேச்சாளர் தமிழில் "அரசு உங்களைக் கண்காணிக்கும்" என்றார். பக்கத்தில் நின்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்த பெண் அதை "நிக்ரானி" என்று மாற்றிச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒடிசா இளைஞர் ஒருவர் எழுந்து, "எங்களையா? நாங்கள் என்ன தப்பு செய்தோம்?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் மொழிபெயர்ப்பில் குறையே இல்லை. கண்காணிப்புக்கு நிக்ரானி சரியான சொல்தான். தவறு தமிழிலேயே இருந்தது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'இன்ஸ்பெக்‌ஷன்' லத்தீனிலிருந்து வந்தது. உள்ளே பார்த்தல் என்று பொருள். 'ஓவர்சைட்' மேலிருந்து பார்த்தல். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குக் கவனிக்காமல் விட்டுவிடுதல் என்ற பொருளும் உண்டு. நம் 'கண்காணி' கண்ணும் காண்பதும் சேர்ந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவருக்கு இந்தப் பெயர் வருகிறது. அதுவரை சொல்லின் மேல் குற்றமில்லை.

அப்புறம் அந்தச் சொல் கடல் தாண்டியது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் 'கண்காணி' தேய்ந்து 'கங்காணி' ஆயிற்று. ஆங்கிலேயர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கங்காணி சொந்த ஊருக்கு வந்து, உறவுக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். கப்பலேறிய நாளிலிருந்து அந்த முன்பணம் கடனாகக் கழுத்தில் தொங்கும். தோட்டத்தில் அவரேதான் வேலை வாங்குகிறவர். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தனியாகக் காசு உண்டு. இலங்கையில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. மலாயாவுக்கு வழிச்செலவுக்கு உதவிப்பணம் பெற்று ஆள் போவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. இந்தக் கங்காணியின் கண் முழுக்கத் தொழிலாளி மேல்தான் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகுவதைப் பார்ப்பது அவர் வேலையாக இருக்கவில்லை.

இப்படி ஒரு நூற்றாண்டு நம் சொந்த மக்கள், அவர்களும் புலம்பெயர் தொழிலாளர்கள்தான், அந்தச் சொல்லுக்குக் கீழே கிடந்திருக்கிறார்கள். இன்று பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களைக் காப்பாற்ற வேண்டிய அரசுப் பணிக்கு அதே சொல்லைத் தேடி எடுத்துச் சூட்டுவது எனக்கு மனம் பொறுக்காத காரியம். இந்த வரலாறு தெரியாதவருக்கும் 'கண்காணிப்பு' என்றதும் நினைவுக்கு வருவது கேமராவும் காவல்துறையும்தான். "சந்தேக நபர்கள் கண்காணிக்கப்பட்டு வருகிறார்கள்" என்று தினமும் படிக்கிறோம். விடுதி வாசலில் காவலாளி, உள்ளே வார்டன், வேலையிடத்தில் சூப்பர்வைசர் என்று ஏற்கெனவே நாள் முழுக்கக் கண்காணிக்கப்படுகிறவர்களிடம் போய் அரசும் கண்காணிக்கும் என்றால் அவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்?

'மேற்பார்வை' தேவலை என்பார்கள். ஆலைக்குள் மேற்பார்வையாளர் என்றால் அந்தச் சூப்பர்வைசர்தான். 'சோதனை' என்றால் பையையும் ஆதார் அட்டையையும் சோதிப்பது. 'தணிக்கை' கணக்குக்கு உரியது. ஏற்றுமதி ஆலைகளுக்கு வாங்குகிற நிறுவனங்கள் அனுப்பும் ஆட்கள் செய்வதற்கு வேண்டுமானால் அது பொருந்தும். அவர்கள் அறிக்கை எழுதி, அனுப்பியவரிடம் கொடுப்பார்கள். வழக்குப் போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அரசு அலுவலருக்கு உண்டு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆலை முதலாளிக்குத்தான் வசதி.

சரி, எது வேண்டும்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 'ஆய்வு' இருக்கிறது. தொல்காப்பியம் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்ற நான்குக்கும் "உள்ளதன் நுணுக்கம்" என்று பொருள் சொல்கிறது. இருப்பது நுணுகுவது; நுணுக்கிப் பார்ப்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இலக்கணம் வேண்டாம் என்றால் சமையலறைக்குப் போங்கள். கீரை ஆய்கிறோம். கட்டை அவிழ்த்து முறத்தில் பரப்பி, ஒவ்வொரு தண்டாக எடுத்து, இலையைத் திருப்பிப் பின்பக்கம் புழு இருக்கிறதா என்று பார்த்து, அழுகலைக் கிள்ளிப் போடுகிறோம். மேலாகப் பார்த்தால் அது ஆய்தல் ஆகாது. ஆலைக்குள் வருகிற அலுவலர் செய்ய வேண்டியதும் இதுதான்: வருகைப் பதிவேட்டைத் திருப்பிப் பார்ப்பது, சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பது, விடுதி அறைக்குள் நுழைந்து ஆட்களை எண்ணுவது.

யாரை ஆய்வது என்பதையும் வள்ளுவர் தெளிவாகவே வைத்திருக்கிறார். "நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு." இங்கே 'வினைசெய்வான்' அரசன் பொறுப்பை ஒப்படைத்த அலுவலன். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவனைத்தான் அரசன் நாள்தோறும் நாடிப் பார்க்க வேண்டும். நாடுதலும் ஆய்தலும் இந்த இடத்தில் ஒன்றே.

'ஆய்வு' என்றால் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஆகிவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 'தொழிலாளர் ஆய்வு' என்று எழுதினால் ஆகும். அதனால்தான் அப்படி எழுதக் கூடாது என்கிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டு 81ஆம் உடன்படிக்கையின் 'லேபர் இன்ஸ்பெக்‌ஷன்' என்ற தலைப்பை வார்த்தைக்கு வார்த்தை பெயர்ப்பதால் வருகிற கோளாறு அது. ஆயப்படுவது எதுவோ அதை முன்னால் வையுங்கள்: தொழிற்சாலை ஆய்வு, பணிநிலை ஆய்வு, விடுதி ஆய்வு. தொழிற்சாலை ஆய்வாளர் என்ற பதவிப் பெயர் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அவரை யாரும் முனைவர் பட்ட மாணவர் என்று நினைத்ததில்லை. லத்தீனைப் பார்த்து 'உண்ணோக்கு' என்று ஒருவர் முன்மொழிந்தார். உள்நோக்கம் என்றால் தமிழில் என்ன பொருள் என்று அவர் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'வொர்க்கிங் கண்டிஷன்ஸ்' என்பதைப் 'பணி நிபந்தனைகள்' என்று எழுதுகிறார்கள். நிபந்தனை ஒப்பந்தத்தில் இருப்பது. பஞ்சு பறக்கிற கூடமும், ஓர் அறையில் பன்னிரண்டு பேர் முறை வைத்துத் தூங்குவதும் எந்த நிபந்தனையில் எழுதியிருக்கிறது? அது பணிநிலை. அகராதியில் முதலில் வருகிற பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைச் சட்டத் தொகுப்பு ஆய்வாளரோடு 'ஃபெசிலிடேட்டர்' (வழிகாட்டி உதவுகிறவர்) என்பதையும் சேர்த்து ஒரே பதவியாக்கியிருக்கிறது. இதை யாராவது 'வசதியாளர்' என்று எழுதிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன். யாருக்கு வசதி செய்கிறவர் என்று ஆலை வாசலில் நிற்கிறவர் கேட்பார். 'ஆய்வாளரும் வழிகாட்டியும்' என்றால் போதும்.

அன்றைய கூட்டத்துக்கே வருகிறேன். பேச்சாளர் வாக்கியத்தைத் திருத்திச் சொன்னார்: "நீங்கள் வேலை செய்கிற தொழிற்சாலையை அரசு ஆய்வு செய்யும்." அந்தப் பெண் 'நிக்ரானி'யை விட்டுவிட்டு 'ஃபேக்டரி கீ ஜாஞ்ச்' என்றார். அந்த இளைஞர் உட்காரவில்லை. "எப்போது வருவார்கள்? ராத்திரி ஷிஃப்டுக்கும் வருவார்களா?" என்று கேட்டார். 81ஆம் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, இரவானாலும் பகலானாலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வாளர் உள்ளே நுழையலாம் என்கிறது. இந்தியா அதை 1949இலேயே ஏற்றுக்கொண்டது. அதை அவருக்குச் சொன்னோம். தன் ஷிஃப்ட் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.