சூடான பிறகு தடுமாறும் எஞ்சின்: குறையைத் தேடும் வழி

காலையில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் கார் தயக்கமின்றிக் கிளம்புகிறது. முதல் சில கிலோமீட்டர் வரை எந்தக் குறையும் தெரிவதில்லை. அதன்பின் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குலுங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் கிடைப்பதில்லை, சில வண்டிகள் ஓட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் ஓடுகின்றன. இப்படி வரும் வண்டிக்குப் பிளக், பெட்ரோல் பம்ப், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பல ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாகிவிட்டது. உரிமையாளரின் பணம் வீணாவது ஒருபுறமிருக்க, அந்த அலைச்சல் தேவையே இல்லை என்பதுதான் வருத்தம். எந்நேரமும் இருக்கும் குறையைவிட, சூட்டில் மட்டும் தலைகாட்டும் குறை தன்னைப் பற்றிக் கூடுதலாகவே சொல்லிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் இல்லாத எது, சூடானதும் புதிதாக உள்ளே நுழைந்தது என்று கேட்டாலே தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

சூடாகும்போது மாறுவது உலோகம் மட்டுமன்று, எஞ்சினை ஆளும் கணினியான இசியு எடுக்கும் முடிவுகளும் மாறுகின்றன. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் காற்று செல்லும் வழியின் சுவர்களிலேயே படிந்துவிடுவதால், இசியு தேவைக்கு அதிகமாகப் பெட்ரோலைத் தெளித்து ஈடுகட்டுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஐடிலிங் வேகத்தையும் சற்று உயர்த்தி வைக்கிறது. இந்தத் தாராளம் பல குறைகளை மூடி மறைத்துவிடுகிறது. சூடு ஏற ஏற இசியு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கலவையைத் துல்லியமாகத் திருத்தத் தொடங்குகிறது. மறைந்திருந்த குறை அப்போதுதான் வெளியே வருகிறது.

ஆகவே வண்டி உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குறை எப்போது தொடங்குகிறது என்பதுதான். கிளம்பி ஓரிரு நிமிடத்திலேயே தொடங்கினால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இன்னும் சரியாகச் சூடாகியிருக்காது. ஆக்சிஜன் சென்சார் மட்டும் தன்னுள் இருக்கும் ஹீட்டரின் உதவியால் வேலை செய்யும் வெப்பநிலையான 300 டிகிரியைத் தாண்டியிருக்கும். எனவே அந்தச் சென்சாரையும் அது காட்டும் கலவையையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு தொடங்கினால், முழு எஞ்சினின் சூட்டோடு தொடர்புள்ள பாகம் ஒன்று பழுதாகியிருக்கிறது. நன்றாக ஓடிய வண்டியை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் கிளப்பும்போது மட்டும் தகராறு செய்தால், அது மூன்றாவது வகை. எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டமும் கூலன்ட் சுழற்சியும் நின்றுவிடுவதால், பானெட்டுக்குள் உள்ள, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சென்சார் போன்றவற்றின் சூடு அணைத்த பிறகுதான் உச்சத்தைத் தொடுகிறது.

கூலன்ட் வெப்பநிலை சென்சாரைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம், ஏனெனில் இந்தக் குறையின் சூட்சுமம் முழுவதும் அந்தச் சிறு பித்தளைத் துண்டுக்குள் இருக்கிறது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருள் ஒன்று அதனுள் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வகைச் சென்சாரில் 30 டிகிரியில் சுமார் 1,700 ஓம் தடையும், 90 டிகிரியில் சுமார் 240 ஓம் தடையும் இருக்கும். அந்தத் தடையை வைத்துத்தான் எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை இசியு கணக்கிடுகிறது. இப்போது அதை வயரோடு இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் புகுந்து முனைகளில் பச்சை படிந்து, கூடுதலாக 1,000 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 1,700 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 2,700 ஓம் தெரியும். 30 டிகிரி எஞ்சினை 18 டிகிரி என்று இசியு நினைத்துக்கொள்ளும். வெறும் 12 டிகிரி பிழை. ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. எஞ்சின் 90 டிகிரிக்கு வந்ததும் 240 ஓமோடு அதே 1,000 சேர்ந்து 1,240 ஆகிறது. அது ஏறத்தாழ 40 டிகிரிக்கு உரிய தடை. அதே துரு, அதே கப்ளர். ஆனால் பிழை 50 டிகிரியாக வளர்ந்துவிட்டது. நன்றாகச் சூடேறிய எஞ்சினுக்கு, இன்னும் சூடாகாத எஞ்சினுக்கு உரிய அளவில் பெட்ரோலை இசியு தெளிக்கிறது. ஐடிலிங் குலுங்குகிறது, மைலேஜ் விழுகிறது, பிளக் முனை கரி படிந்து கறுக்கிறது. ரேடியேட்டர் ஃபேனை இயக்குவதும் இதே சென்சார்தான் என்றால், ஃபேன் உரிய நேரத்தில் சுழலாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்தும் உண்டு.

இதில் செக் எஞ்சின் விளக்கு எரியாமலே போகலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்சார் வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ, வரும் மின்னழுத்தம் நடக்கவே முடியாத அளவுக்குப் போய்விடும்; இசியு அதைக் கண்டுபிடித்துப் பி0117 அல்லது பி0118 என்ற குறியீட்டைப் பதிவு செய்யும். 40 டிகிரி என்பதோ முழுக்க நம்பத்தக்க எண். நம்பத்தக்க பொய்யை இசியு எளிதில் பொய்யென்று அறியாது. எனவே மனிதர்தான் பார்க்க வேண்டும், அதற்கு அதிகச் செலவும் இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இசியுவின் எண்களைப் படித்துக் காட்டும் கருவியான ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பத்து டிகிரிக்கு மேல் விலகினால் ஒன்று பொய் சொல்கிறது. எஞ்சின் சூடானதும், தெர்மோஸ்டாட் உறைக்கு அருகே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து ஸ்கேனர் காட்டும் எண்ணோடு மீண்டும் ஒப்பிடலாம். வேறுபாடு தெரிந்தால், சென்சாரை மாற்றும் முன் கப்ளரைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். புதுச் சென்சாரைப் பழைய துருவில் செருகினால் எதுவும் மாறாது.

அடுத்தது காற்றுக் கசிவு. காற்று செல்லும் குழாயிலோ, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலோ ஒரு சிறு வெடிப்பு இருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. குளிரில் தரப்படும் மிகைப் பெட்ரோல் அதை ஈடுகட்டிவிடும். சூடானதும் ஈடுகட்ட எதுவும் இல்லை. இதைப் பிடிக்க ஃப்யூல் டிரிம் என்ற எண் உதவுகிறது. ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்டு, இசியு தன் அடிப்படைக் கணக்கிலிருந்து எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. பொதுவாகப் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் கூட்டல் 20 என்றும், 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 4 என்றும் காட்டினால், அது பெரும்பாலும் கசிவுதான். ஓட்டையின் அளவு மாறுவதில்லை, ஐடிலிங்கில் மொத்தக் காற்று குறைவு என்பதால் அங்கே அதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து மேடேறும்போது கூட்டல் எண் ஏறினால் பெரும்பாலும் பெட்ரோல் அழுத்தம் போதவில்லை என்று பொருள். ஒரு எச்சரிக்கை: காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளுக்கே கசிவுக் கணக்கு இப்படித் தெளிவாகப் பொருந்தும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும் வண்டிகளில், கசியும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் டிரிம் பெரிதாக மாறாது. ஐடிலிங் வேகம்தான் காரணமின்றி உயரும். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பல இந்த இரண்டாம் வகை.

தீப்பொறிப் பக்கம் வந்தால், முதலில் நினைவுக்கு வர வேண்டியது, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உருவாக்கும் இக்னிஷன் காயில். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தேவைப்படும் வோல்டேஜும் கூடுகிறது. காயிலுக்குள் முடியளவு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டு எபாக்ஸியில் புதைந்திருக்கிறது. சூட்டில் எபாக்ஸி செம்பைவிட அதிகமாக விரிகிறது. பல ஆண்டுகள் விரிந்து சுருங்கிய பிறகு மயிரிழை வெடிப்பு ஒன்று உண்டானால், குளிரில் அது மூடியிருக்கும். சூட்டில் திறந்துகொண்டு, பொறிக்கான மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வேறு வழியில் கசிந்துவிடும். செம்பின் மின்தடையும் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடுவதால், 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 31 சதவீதம் உயர்கிறது. இந்த உயர்வைக் கணக்கில் வைத்துத்தான் காயிலை வடிவமைக்கிறார்கள், ஆகையால் இது மட்டுமே குறையாகாது. தேய்ந்து இடைவெளி விரிந்த பிளக்கும், ஏற்கெனவே பலவீனமான காயிலும் சேர்ந்திருக்கும் இடத்தில் இதுவே கடைசித் தள்ளாகிவிடும்.

சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டிகளில் இதை உறுதி செய்வது மிக எளிது. முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது கலவை சரியாக எரியவில்லை, என்று பி0301 வந்தால், அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, மீண்டும் சூடாகும் வரை ஓட்ட வேண்டும். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால், பிளக், இன்ஜெக்டர், வால்வு என்று அந்தச் சிலிண்டரோடேயே தங்கிவிட்ட பாகங்களைப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயில்களையும் மாற்றச் சொல்வதை ஏற்க முடியாது.

குலுங்காமல், தடுமாறாமல், யாரோ சாவியை அணைத்ததுபோல் எஞ்சின் சட்டென்று நின்றால், சந்தேகம், எஞ்சினின் கிராங்க் தண்டு சுழல்வதை அறியும் கிராங்க் சென்சாரின் மீது விழ வேண்டும். பெட்ரோல் போதாமல் நிற்கும் எஞ்சின் இழுத்து, திணறி, பிறகே நிற்கும். இது அப்படி நிற்பதில்லை. பல வண்டிகளில் இந்தச் சென்சார் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் மட்டுமே. கிராங்கோடு சுழலும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அந்தக் கணக்கு வராவிட்டால் பொறியையும் பெட்ரோலையும் எப்போது விடுவது என்று இசியுவுக்குத் தெரியாது; இரண்டையும் நிறுத்திவிடும். ஸ்டார்ட்டர் சுழற்றும்போது வேகம் குறைவு என்பதால் பிறக்கும் மின்னழுத்தமும் குறைவு. பலவீனமான சென்சார் சூடாகவும் இருந்தால் அது இசியுவின் காதில் விழாது. அதனால்தான் இந்த வண்டிகள் ஆறிய பிறகே கிளம்புகின்றன. கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே, ஸ்டார்ட்டரைச் சுழற்றியபடி ஸ்கேனரில் ஆர்பிஎம் பார்க்க வேண்டும். இருநூறுக்கு அருகே காட்ட வேண்டிய இடத்தில் சுழியம் காட்டினால் சென்சாரிலோ அதன் வயரிங்கிலோதான் குறை. எளிதில் எட்டும் இடத்தில் சென்சார் இருந்தால், அதன் மேல் மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃப்ரீஸ் ஸ்ப்ரேயை அடித்துக் குளிர்விக்கலாம். உடனே வண்டி கிளம்பினால் சான்று கையில் கிடைத்துவிட்டது.

வால்வு இடைவெளி பலர் மறந்துவிடும் காரணம், குறிப்பாகச் சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளில். தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு இல்லாத எஞ்சின்களில், வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகமான டேப்பெட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு இடைவெளி விடப்படுகிறது. வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய, வால்வு மேலேறி இந்த இடைவெளி சுருங்குகிறது. சூட்டில் தண்டு நீளும்போது மிச்சமிருந்த இடைவெளியும் அடைபட்டு, வால்வு முழுமையாக மூடாமல், சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அழுத்தமான கம்ப்ரஷன் கசிகிறது. டேப்பெட் சத்தம் வந்தால் ஓடோடி வருபவர்கள், சத்தமே இல்லாத டேப்பெட்டைக் கண்டுகொள்வதில்லை. இறுகிப்போன டேப்பெட் சத்தம் போடாது, அமைதியாக எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கிவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் சூடான பிறகு ஒருமுறையும் கம்ப்ரஷன் பார்த்தால், சூட்டில் மட்டும் அழுத்தம் விழும் சிலிண்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கார்புரேட்டர் காலத்து அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் கோடையில் மேடேறும்போது நின்றதற்குக் காரணம், எஞ்சின் மேலேயே இருந்த பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியானது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டியவர்கள் செய்தது சரியான வைத்தியமே. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது, குழாயிலும் சுமார் 3 பார் அல்லது அதற்கு மேல் அழுத்தம் நிற்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதால் அந்தத் தொல்லை அரிதாகிவிட்டது. ஆனாலும் தேய்ந்த பம்ப் சூட்டில் தளரும், அதிலும் டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது அதைக் குளிர்விக்க எதுவும் இருக்காது. அழுத்தமானியைப் பொருத்தி, குறை தெரியும் நேரத்தில் அளந்தால் போதும்.

ஒப்பிடுவதற்காகக் குளிரில் எடுக்கும் அளவுகள் தவிர, எந்தச் சோதனையானாலும் வண்டி தடுமாறிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறிய எஞ்சினில் எடுத்த அளவுகளால் மட்டும் பயனில்லை. 2013 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் கார்களுக்கு, வண்டி தன் குறைகளைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் ஓபிடி அமைப்பின் இரண்டாம் கட்டம் கட்டாயமானதால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகும் எளிய ப்ளூடூத் ஸ்கேனரே இங்கே சொன்ன எண்களில் பெரும்பாலானவற்றைக் காட்டிவிடும். குறியீடு பதிவான கணத்தில் கூலன்ட் சூடு, ஆர்பிஎம், டிரிம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதையும் இசியு சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழிக்கும் முன் அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழித்தால் அவையும் போய்விடும். பாகத்தை மாற்றிய பிறகு, முன்பு எத்தனை நிமிடத்தில் குறை தொடங்கியதோ அதைவிடக் கூடுதல் நேரம் அதே வகைச் சாலையில் ஓட்டி, டிரிம் பத்துக்குள் திரும்பியிருக்கிறதா, நிறுத்திக் கால் மணி நேரம் கழித்தும் கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை உரிமையாளரிடம் கொடுக்கலாம்.